முப்பது சதவீதம்: தேர்வு எழுத வேண்டியது யார்?

கேரளத்தின் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 2025 ஏப்ரல் மாதம், கோடை விடுமுறை தொடங்கிய பின்னரும் எட்டாம் வகுப்பறைகளின் கதவுகள் திறந்தே இருந்தன. ஆண்டுத் தேர்வில் ஏதேனும் ஒரு பாடத்தின் எழுத்துத் தாளில் 30 சதவீத மதிப்பெண்ணை எட்டாத மாணவர்களுக்கு ஏப்ரல் 8 முதல் 24 வரை, காலை 9.30 முதல் பகல் 12.30 வரை, கற்றல் ஆதரவு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஏப்ரல் 25 முதல் 28 வரை அவர்களுக்கு மறுதேர்வு நடந்தது. ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள் எழுதிய தேர்வில் ஐந்தில் ஒருவர் குறைந்தது ஒரு பாடத்திலாவது அந்த எல்லையைத் தொடவில்லை. எனினும் எந்தக் குழந்தையும் எட்டாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கப்படவில்லை. மறுதேர்விலும் எட்டாதவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டனர்.

2025-26 கல்வியாண்டில் இதே குறைந்தபட்ச மதிப்பெண் முறை ஒன்பதாம் வகுப்புக்கும், 2026-27இல் பத்தாம் வகுப்புக்கும் விரிவடையும் எனத் திட்டமிடப்பட்டது. பத்தாம் வகுப்பில் 40 மதிப்பெண் கொண்ட தாளில் 12ம், 80 மதிப்பெண் கொண்ட தாளில் 24ம் பெற்றால்தான் தேர்ச்சி. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மாநிலத்தின் தேர்வு நடைமுறை குறித்த செய்திதான். ஆனால் உழைக்கும் மக்களின் பிள்ளைகளிடம் பள்ளி எதை எதிர்பார்க்கலாம், பள்ளியிடமும் அரசிடமும் அந்தப் பிள்ளைகள் எதை எதிர்பார்க்கலாம் என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அறிவியல் வகுப்பறையில் அந்தக் கேள்வி மிகவும் கூர்மையாக எழுகிறது.

கேரளப் பாடத்திட்டத்தில் நடுநிலை வகுப்புகளில் 'அடிப்படை அறிவியல்' என்ற ஒரே பாடம் உள்ளது. உயர்நிலை வகுப்புகளில் அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்றாகப் பிரிகிறது. ஒரு குழந்தை கடக்க வேண்டிய மிகப்பெரிய படி இது. அளவை, விகிதம், சமன்பாடு, வரைபடம் ஆகியவற்றில் ஏழாம் வகுப்பு வரை தேங்கி நின்ற சிறு குறை, உயர்நிலை வகுப்புகளில் ஒன்றுக்கு மூன்று பாடங்களில் வெளிப்படுகிறது. ஆகவே எட்டாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் அந்த ஓராண்டின் கணக்கை மட்டும் காட்டுவதில்லை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பள்ளி கவனிக்கத் தவறியவற்றின் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

முடிவின் பின்னணி

இந்த முடிவு திடீரென வந்துவிடவில்லை. கேரளத்தின் எஸ்எஸ்எல்சி தேர்ச்சி 2024இல் 99.69 சதவீதம், 2025இல் 99.5 சதவீதம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் தங்கி, தேர்வெழுதி, அடுத்த நிலைக்குச் செல்வது இந்தியாவின் பல மாநிலங்கள் இன்னும் கனவு காணும் சாதனை. அதே சமயம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உயர்ந்த தரநிலை வழங்கப்படுவதாகப் பொதுக்கல்வித் துறையின் உயர் அதிகாரி ஒருவர் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியது 2023 டிசம்பரில் பெரும் சர்ச்சையானது. அது அரசின் கருத்தல்ல என்று கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி மறுத்தார். ஆனால் விவாதம் அடங்கவில்லை. 2024 மே மாதம் திருவனந்தபுரத்தில் பள்ளிக் கல்வியின் தரம் குறித்து மாநாடு நடத்தப்பட்டது. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் ஆகஸ்டு மாதம் அமைச்சரவை குறைந்தபட்ச மதிப்பெண் முறைக்கு ஒப்புதல் அளித்தது.

எதிர்ப்பும் எழுந்தது. அது வலதுசாரிகளிடமிருந்து மட்டும் வந்ததல்ல. மக்கள் அறிவியல் இயக்கத்தின் முன்னோடியான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தே இதில் மாறுபட்டது. எழுத்துத் தேர்வில் ஒரு வரம்பை வைப்பதால் கற்றல் தரம் உயர்ந்துவிடாது, ஆண்டு முழுதும் வகுப்பறையில் நடக்கும் கற்பித்தலும் மதிப்பீடும் சீராக வேண்டும் என்பது இத்தகைய விமர்சனத்தின் சாரம். தோழமைச் சக்திகளிடமிருந்து வரும் இந்த எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளுவது தவறு. கற்றல் குறைபாட்டை ஒப்புக்கொள்ளவே மறுப்பதும் அதே அளவு தவறு. படிக்காமலேயே தேர்ச்சி பெற்ற பிள்ளையை வெறும் சான்றிதழுடன் வெளியே அனுப்புவது, ஏழைக்குச் செய்யும் நன்மையாகாது. வசதி படைத்தவரின் பிள்ளை பள்ளியில் கற்காததைத் தனிப்பயிற்சியில் கற்றுக்கொள்ளும். மீனவர், ஆதிவாசி, தோட்டத் தொழிலாளி, கட்டுமானத் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைக்குப் பொதுப்பள்ளியைத் தவிர வேறு இடம் கிடையாது. அந்த இடமும் கற்பிக்காமல் கைவிட்டால், சமத்துவத்தின் பெயரால் சமத்துவமின்மையே பாதுகாக்கப்படும்.

டெல்லியின் பாதை வேறு

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்வது அவசியம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விதித்தது. மோடி அரசு 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மாணவரை நிறுத்தி வைக்க வழி திறந்தது. 2024 டிசம்பரில் அதற்கான விதிகளை அறிவித்தது. ஆண்டுத் தேர்வில் தவறிய குழந்தைக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற கொள்கையே தொடரும் எனத் தமிழ்நாடு அரசு உடனே அறிவித்தது. கேரளமும் நிறுத்தி வைக்கும் பாதையை ஏற்கவில்லை.

தமிழ்நாட்டு மக்கள் இந்த அபாயத்தை அருகிலிருந்தே கண்டவர்கள். அதிமுக ஆட்சி 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என அறிவித்தபோது ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர் அமைப்புகளும் போராடினர். 2020 பிப்ரவரியில் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பத்து வயதுக் குழந்தையைத் தோற்றவர் என முத்திரை குத்தினால் அந்தக் குழந்தை கூடுதலாகக் கற்பதில்லை. பள்ளியை விட்டே விலகுகிறது. அவ்வாறு விலகும் குழந்தை செல்லும் இடம் செங்கல்சூளையோ, பஞ்சாலையோ, இளவயதுத் திருமணமோ என்பது அனுபவம் கற்றுத்தந்த பாடம்.

கேரளத்தின் முறையும் டெல்லியின் முறையும் ஒரே முப்பது சதவீதத்தைச் சுற்றி வருவதுபோல் தோன்றலாம். தேர்வுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒன்று குழந்தையை வெளியே தள்ளுகிறது. மற்றொன்று ஆசிரியரை மீண்டும் வகுப்பறைக்கு அழைக்கிறது. ஆயினும் இந்த வேறுபாடு தானாகவே நிலைத்து நிற்காது. ஆதரவு வகுப்புகள் வெறும் சடங்காகச் சுருங்கி, பத்தாம் வகுப்பில் மட்டும் வரம்பு கறாராக அமலானால், எட்டாம் வகுப்பில் தள்ளப்படாத அதே குழந்தை பத்தாம் வகுப்பில் தள்ளப்படும். இரண்டு ஆண்டு கால அவகாசத்தை அரசு எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே இந்தச் சீர்திருத்தத்தின் தன்மையைத் தீர்மானிக்கும்.

செய்து பார்த்துக் கற்பதன் விலை

அறிவியல் பாடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கேரளம் மனப்பாடக் கல்வியை விட்டு, செயல்வழிக் கற்றலை நோக்கி நகர்ந்தது. உற்றுநோக்கல், சோதனை, செயல்திட்டம், குழு விவாதம், குறிப்பேடு ஆகியவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகவே தொடர் மதிப்பீடு என்ற முறை வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எஸ்எஸ்எல்சி மதிப்பெண் 50இல் 10 இதற்கு உரியது. நோக்கம் முற்போக்கானது. ஆனால் ஒரு குழந்தை என்ன செய்தது, எதைப் புரிந்துகொண்டது என்று பார்த்து அளிக்க வேண்டிய மதிப்பெண் எல்லோருக்கும் ஒரே அளவில் வாரி வழங்கப்படும்போது அந்த மதிப்பீடு உயிரிழக்கிறது. அதன் மீதான நம்பிக்கை குறையக் குறைய, எழுத்துத் தேர்வே உண்மையான தேர்வு என்ற பழைய எண்ணம் மீண்டும் தலைதூக்குகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும் என்பதை எழுதி ஒரு மதிப்பெண் பெறலாம். லிட்மஸ் தாளையே கண்ணால் காணாத குழந்தையும் அதை எழுதிவிட முடியும். செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்து, அதன் மேல் எலுமிச்சைச் சாற்றையும் சோப்பு நீரையும் துளித்துளியாக விட்டு, நிறம் மாறுவதைக் கண்டு, வீட்டிலுள்ள புளி, மோர், சாம்பல் நீர் எந்த வகை என்று தானே வகைப்படுத்தும் குழந்தை கற்பது வேறு. முன்கூட்டிக் கணித்தல், சோதித்தல், கணிப்பு பொய்த்தால் ஒப்புக்கொள்ளுதல் என்ற அறிவியலின் முறையே அங்கு கைவசமாகிறது. இச்சோதனைக்குப் பணம் தேவையில்லை. வகுப்பில் நேரம் வேண்டும். நாற்பது பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கவனிக்க ஆசிரியருக்கு வாய்ப்பு வேண்டும். வரம்பை எட்ட வைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஆசிரியர் முதலில் கைவிடுவது இந்தச் சோதனையைத்தான். கரும்பலகையில் ஐந்து வினாக்களும் ஐந்து விடைகளும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது எளிது. முப்பது சதவீதம் கிடைத்துவிடும், அறிவியல் கிடைக்காது.

குறைந்தபட்ச மதிப்பெண் முறை இந்தத் திசையில் சரிந்துவிடாமல் காப்பது கேரளத்தின் முன்னுள்ள முதல் கடமை. வினாத்தாளே மாற வேண்டும். ஒரு சோதனையின் முடிவுகளை அட்டவணையாகத் தந்து, அதிலிருந்து என்ன தெரிகிறது எனக் கேட்கும் வினா மனப்பாடத்துக்கு வழிவிடாது. தொடர் மதிப்பீடும் சலுகையாகக் கருதப்படாமல், ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் பதிவு செய்யும் கருவியாக மீட்கப்பட வேண்டும்.

அறிவியலுக்காகப் போராடிய மண்

இந்தக் கடமையை ஏற்கும் தகுதி கேரளத்துக்கு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தலித் சிறுமியைக் கைபிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது சாதி ஆதிக்கவாதிகள் அந்தப் பள்ளியையே தீக்கிரையாக்கினர். பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என விவசாயத் தொழிலாளர்கள் உறுதி பூண்டனர். கல்விக்காக நடந்த தொழிலாளர் போராட்டங்களில் அது தனிச்சிறப்பு வாய்ந்தது. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவையில் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, நிர்வாகங்களின் பிடியிலிருந்து ஆசிரியர்களைக் காக்க முனைந்தது. அதைச் சகிக்காத சக்திகள் திரண்டு நடத்திய கிளர்ச்சியைக் காரணம் காட்டி, 1959 ஜூலை 31 அன்று ஒன்றிய அரசு அந்த அரசைக் கலைத்தது.

1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மக்களின் மொழியில் மக்களிடம் கொண்டுசென்றது. 'யுரீக்கா', 'சாஸ்திர கேரளம்' போன்ற அதன் இதழ்கள் நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளின் கையில் பல தலைமுறைகளாகத் தவழ்கின்றன. அதே காலத்தில், 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. மீனவ மக்கள் தங்கள் நிலத்தையும் மாதா கோயிலையும் அந்த ஆய்வுக்காக விட்டுக்கொடுத்தனர். கோயில் கட்டிடமே தொடக்ககாலப் பணிமனையாக விளங்கியது. அந்தக் கடற்கரைக் கிராமங்களின் பிள்ளைகள் இயற்பியல் தாளில் 12 மதிப்பெண்ணுக்காகத் தடுமாறும் நிலை இருந்தால், அது அவர்களின் தோல்வியாகாது. நாடு அவர்களுக்குத் திருப்பித் தராத கடன்.

அண்மைக்கால முயற்சிகளும் குறிப்பிடத்தக்கவை. பூஜப்புரையில் இயங்கும் கைட் நிறுவனம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை நவீனத் தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றியது. ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் 2024இல் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. பத்தாம் வகுப்பில் 2025இல் ரோபோட்டிக்ஸ் அனைவருக்கும் பாடமானது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் புதிய பாடங்களின் பளபளப்பில், வெப்பநிலைமானியைச் சரியாகப் பார்த்து அளவு சொல்லத் தெரியாத குழந்தை மறக்கப்பட்டுவிடக் கூடாது. அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் மேல்மாடி நிற்கும்.

என்சிஇஆர்டி நடந்துகொண்ட விதத்தையும் இத்துடன் ஒப்பிட வேண்டும். பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமக் கோட்பாட்டையும், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாட்டையும் அது நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் அரசுதான் ஐந்தாம் வகுப்புக் குழந்தையை நிறுத்தி வைத்துத் தரத்தை உயர்த்தப் போவதாகச் சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு கூறுகிறது. அந்தக் கடமையை முதலில் மீறியது ஒன்றிய ஆட்சியாளர்களே.

தமிழ் வழிப் பிள்ளைகள்

தமிழ் வாசகர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய ஒரு பிரிவினர் கேரளத்தில் உள்ளனர். திருவனந்தபுரம் நகரிலும், பாலக்காடு எல்லைப் பகுதியிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ் வழியில் பயிலும் மாணவர்கள் அவர்கள். மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல்கள் வெளியிடப்படுவது கேரளத்தின் ஜனநாயகப் பண்புக்குச் சான்று. வரம்பு என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது வசதிகளும் ஒன்றாக இருப்பதுதான் நீதி. கல்வியாண்டு தொடங்கும் நாளிலேயே தமிழ்ப் பாடநூல் கையில் கிடைக்க வேண்டும். அறிவியல் கலைச்சொற்கள் குழந்தைக்குப் புரியும் தமிழில் அமைய வேண்டும். தமிழில் அறிவியல் கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் பணியிடங்கள் காலியின்றி நிரப்பப்பட வேண்டும். ஆதரவு வகுப்பும் தமிழிலேயே நடக்க வேண்டும். மொழி புரியாததால் இழந்த மதிப்பெண்ணை அறிவியல் தெரியாததால் இழந்ததாகப் பதிவு செய்வது அநீதி.

செய்ய வேண்டியவை

ஆதரவு வகுப்பைக் கோடை விடுமுறையின் இரண்டு வாரங்களுக்குள் அடக்கிவிட முடியாது. மூன்று ஆண்டுத் தேக்கத்தைப் பதினேழு நாளில் தீர்க்கும் மருந்து எந்த ஆசிரியரிடமும் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் பின்தங்கிய குழந்தையைக் கண்டறிந்து, பள்ளி நேரத்திலேயே உதவும் ஏற்பாடு வேண்டும். அந்தக் குழந்தைகளைத் தனி வரிசையில் அமர்த்தி அடையாளப்படுத்தும் வழக்கம் எங்கும் தலைகாட்டக் கூடாது. நடுநிலை வகுப்புகள் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் எளிய அறிவியல் ஆய்வகத்தை உள்ளாட்சி அமைப்புகள் உறுதி செய்ய வேண்டும். மக்கள் திட்டமிடலில் வேரூன்றிய கேரள உள்ளாட்சிகளால் இது முடியாத காரியமல்ல. எந்தப் பகுதிகளில், எந்தப் பிரிவினரின் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற விவரத்தை அரசு வெளியிட வேண்டும். அங்கு கூடுதல் ஆசிரியரும் கூடுதல் நிதியும் முதலில் சென்று சேர வேண்டும்.

நிதி என்றதும் ஒன்றிய அரசின் பங்கு முன்வருகிறது. பிஎம்ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடாததற்காக சமக்ர சிக்ஷா நிதியை அது முடக்கியது. 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் தமிழ்நாட்டுக்கு மறுக்கப்பட்ட தொகை ரூ.2,152 கோடி. கேரளமும் இதே வஞ்சனைக்கு ஆளானது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர்களின் ஊதியம் உள்ளிட்ட பணிகள் இந்த நிதியை நம்பியிருக்கின்றன. குழந்தையின் தாளில் மதிப்பெண் குறைந்தால் தண்டிக்கத் துடிப்பவர்கள், அந்தக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய பணத்தைத் தாங்களே பிடித்து வைத்ததை மக்களிடம் அம்பலப்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் பணியாற்றும் தோழர்களுக்கும் இதில் கடமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கட்டிடம், கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றுடன் அறிவியல் வகுப்பையும் விவாதப் பொருளாக்க வேண்டும். இந்தப் பருவத்தில் எத்தனை சோதனைகள் செய்து காட்டப்பட்டன, அவற்றில் எத்தனையைப் பிள்ளைகள் தாமே செய்தனர், பின்தங்கியவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பலாம். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இவற்றைக் கேட்கக் கூடாது. அவருக்குத் தேவையான கருவியையும் நேரத்தையும் பெற்றுத்தருவதற்காகக் கேட்க வேண்டும். மாணவர், வாலிபர், ஆசிரியர் அமைப்புகளும் அறிவியல் இயக்கத்தினரும் கைகோத்தால் ஒவ்வொரு கிராமத்திலும் விடுமுறை நாள் அறிவியல் வகுப்புகளை நடத்த முடியும்.

முப்பது சதவீதம் என்பது ஒரு குழந்தையிடம் வைக்கும் மிகச் சிறிய எதிர்பார்ப்பு. அதை அக்குழந்தை எட்டவில்லை என்றால், ஆசிரியர், பாடநூல், ஆய்வகம், மொழி, உணவு, நேரம் ஆகியவற்றில் எது அதற்குக் கிடைக்காமல் போனது என்று தேடுவதே பொதுக்கல்வியின் இலக்கணம். கேரளம் தொடங்கியிருக்கும் முயற்சி இந்தத் தேடலாக வளர்ந்தால், நாடு முழுவதும் உள்ள உழைக்கும் மக்களுக்கு அது வழிகாட்டும். வெறும் தடுப்புச் சுவராகச் சுருங்கினால் டெல்லியின் பாதைக்கே வலுச் சேர்க்கும். 2026-27இல் பத்தாம் வகுப்பில் அமரும் பிள்ளைகள் 2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் பயின்றவர்கள். அவர்கள் தேர்வறைக்குள் நுழையும் முன் அரசும் சமூகமும் தங்கள் தேர்வில் தேறியாக வேண்டும்.